மீன் லோடு வண்டிக்கு கேபிஐ போடுவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி, மூக்கையூர் பக்கம் நாலைந்து வண்டி வைத்து மீனும் நண்டும் ஏற்றுகிறவர்களிடம் இப்போது ஏற்றுமதிக் கம்பெனிகளும் பெரிய கடைகளும் ஒரு காகிதம் கேட்கிறார்கள்: “கடைசி ஆறு மாத கேபிஐ அனுப்புங்க.” வேலை எப்படி நடக்கிறது என்று எண்ணில் காட்டும் முக்கிய அளவுகளைத்தான் கேபிஐ என்கிறார்கள். எங்களிடம் கேட்டபோது கையில் இருந்தது டீசல் பில்களும் டிரைவரின் ட்ரிப் நோட்டும்தான். தேடிப் பார்த்தால் கிடைத்த பட்டியல்கள் எல்லாம் பெரிய கிடங்குகளுக்கும் கன்டெய்னர் துறைமுகங்களுக்கும் எழுதியவை. படகு வந்தால்தான் லோடு என்றிருக்கும் தொழிலுக்கு அவை ஒட்டவே இல்லை. சாஃப்ட்வேர் விற்க வந்தவர்கள் ஐம்பது அளவு காட்டினார்கள். அதில் எதை வைத்து நாளைக்கு என்ன மாற்றுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களாவது அந்த மாதங்களை மிச்சம் பிடிக்கட்டும்.

1. ஒரு வழித்தடத்தை மட்டும் எடுங்கள்

எல்லா வண்டிக்கும் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். அதிகம் ஓடும் ஒரு தடத்தை எடுங்கள். இந்தக் கட்டுரைக்கு மண்டபத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணி மீன் சந்தை வரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வழிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். சென்னைக்கும் கேரளாவுக்கும் போகும் வண்டிகளை இதோடு கலந்து சராசரி போட்டால் வரும் எண் எந்தத் தடத்துக்கும் பொருந்தாது.

தொடங்கச் செலவு அதிகமில்லை. குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வண்டிக்கு ஒன்று வாங்குங்கள். ட்ரிப் சீட்டுப் புத்தகத்தை நகல் தாளோடு அச்சடித்துக்கொள்ளுங்கள். கணக்கு ஏற்ற எக்ஸெல் போதும். ஜிபிஎஸ் கருவி இருந்தால் நல்லது, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

2. ஐந்து அளவு போதும்

ஒன்று, சொன்ன நேரத்துக்கு முழு லோடும் போய்ச் சேர்ந்த ட்ரிப் எத்தனை சதவீதம். இரண்டு, ஜெட்டியில், அதாவது படகிலிருந்து மீன் இறங்கும் துறையில், வண்டி நின்ற நேரம். மூன்று, கழிவாகத் தள்ளப்பட்ட கிலோ. நான்கு, ஒரு கிலோவைச் சேர்க்க ஆன செலவு. ஐந்து, காலியாக ஓடிய கிலோமீட்டர்.

ஒரு அளவைச் சேர்க்கலாமா என்று சந்தேகம் வந்தால், ‘இந்த எண் மோசமானால் நாளைக் காலையில் யாரிடம் போய் என்ன சொல்வேன்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அந்த அளவு வேண்டாம். வண்டியின் மொத்த மாத கிலோமீட்டர், மொத்த ட்ரிப் எண்ணிக்கை போன்றவை அப்படித்தான். பார்க்கப் பெரிதாக இருக்கும், வேலைக்கு உதவாது.

3. ஒவ்வொரு ட்ரிப்பிலும் ஆறு நேரங்களைக் குறியுங்கள்

இந்தப் படிதான் அஸ்திவாரம். இது சரியாக இல்லாவிட்டால் பின்னால் வருவது எல்லாம் ஊகம்.

குறிக்க வேண்டியவை: ஜெட்டிக்கு வண்டி வந்த நேரம், ஏற்றத் தொடங்கியது, ஏற்றி முடித்தது, கிளம்பியது, சந்தைக்குள் நுழைந்தது, இறக்கி முடித்துக் கையெழுத்து வாங்கியது. எழுதச் சொன்னால் பல டிரைவர்கள் ட்ரிப் முடிந்த பிறகு மொத்தமாக உட்கார்ந்து எழுதுவார்கள். எல்லா நேரமும் 10:00, 10:30, 11:00 என்று வட்டமாக இருந்தால் அது நினைவிலிருந்து எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் எழுதுவதைக் குறைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நேரம் பதியும் கேமரா ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. உதாரணத்துக்கு, எடைச் சீட்டு ஒரு படம், கதவு மூடியதும் ஒரு படம், சந்தையில் வாங்கிய ரசீது ஒரு படம். வாட்ஸாப்பில் செய்தி வந்த நேரத்தை எடுக்காதீர்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அனுப்பியது அரை மணி கழித்து வரும். படத்தின் மேல் பதிந்த நேரத்தையே எடுங்கள்.

சாலையில் போன நேரத்துக்கு நல்ல சாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது: ஃபாஸ்டேக் கணக்கு அறிக்கை. மதுரை தடத்தில் போகலூர், திருப்பாச்சேத்தி என்று இரண்டு டோல் வருகின்றன. வங்கி ஆப்பில் மாத அறிக்கையை இறக்கினால் ஒவ்வொரு வண்டியும் எந்த நிமிடத்தில் எந்த டோலைக் கடந்தது என்று தெரியும். அறிக்கையில் டேக்கைப் படித்த நேரமும் பணம் கழித்த நேரமும் தனித்தனியாக இருக்கலாம். படித்த நேரத்தை எடுங்கள், பணம் கழிவது சில சமயம் மிகவும் தாமதமாகும். ஒரு வண்டி போகலூரை 11:10க்கும் திருப்பாச்சேத்தியை 12:20க்கும் கடந்திருந்தால் ஓட்டத்தில் குறையில்லை. அன்று மீன் தாமதமாகப் போயிருந்தால் காரணம் பெரும்பாலும் போகலூருக்கு முன்னால், ஜெட்டிப் பக்கம்தான் இருக்கும்.

எங்கள் டிரைவர் ஒருவர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “அண்ணே, நான் ரோட்டுல லேட் பண்ணல. ஜெட்டிய விட்டுக் கிளம்புனதே லேட்டு.” டோல் நேரத்தையும் எடைச் சீட்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அவர் சொன்னது அப்படியே தெரிந்தது. ஐஸ் வர நேரமாகி, லோடுமேன் அடுத்த வண்டிக்குப் போய்விட்டு, எடை போட வரிசையில் நின்று, வண்டி கிளம்பும் முன்பே நேரம் கரைந்திருந்தது. ஜெட்டி நேரத்தைத் தனி அளவாக வைக்கச் சொல்வது இதனால்தான். அதைக் குறைக்க டிரைவரால் முடியாது. ஐஸ் கம்பெனிக்கு முதல் நாள் மாலையே சொல்லி வைப்பதும், லோடுமேன்களோடு நேரம் பேசி வைப்பதும் முதலாளியின் வேலை.

4. ‘நேரத்துக்கு’ என்றால் எத்தனை மணி என்று எழுதி வாங்குங்கள்

வாங்குபவர் ‘காலையில வந்துடணும்’ என்பார். அதை வைத்து அளக்க முடியாது. ஏலம் தொடங்குவதற்கு எவ்வளவு முன்னால் மீன் தரையில் இருக்க வேண்டும், எத்தனை நிமிடம் வரை தாமதம் பொறுப்பார், நேரம் வாசலில் நுழைந்ததிலிருந்தா இறக்கி முடித்ததிலிருந்தா, சந்தை வாசலில் நெரிசல் என்றால் யார் கணக்கு. இந்த நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் ‘சரி’ என்று ஒரு பதில் வந்தாலும் போதும், ஆனால் ஏதோ ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும்.

‘முழு லோடு’ என்பதும் அப்படித்தான். எடைச் சீட்டில் 1,300 கிலோ, சந்தையில் 1,270 கிலோ என்றால் குறைவா இல்லையா? ஐஸ் தண்ணீர் வடிவதால் கொஞ்சம் எடை குறையத்தான் செய்யும். எத்தனை சதவீதம் வரை இயல்பு என்று முன்கூட்டியே பேசி முடியுங்கள். இரண்டு இடத்திலும் தண்ணீரை ஒரே மாதிரி வடித்துவிட்டு எடை போட வேண்டும். அங்கே ஐஸோடு போட்டு இங்கே ஐஸ் இல்லாமல் போட்டால் சண்டை தீராது.

கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. உதாரணத்துக்கு 40 ட்ரிப். 34 நேரத்துக்குப் போனது, 36 முழு லோடாகப் போனது. 85 சதவீதம், 90 சதவீதம், ஆக சராசரி 87.5 என்று போட்டுவிடுவார்கள். அது தவறு. ஒரே ட்ரிப் நேரத்துக்கும் போய், முழுசாகவும் போயிருக்க வேண்டும். அப்படி இரண்டும் சரியாக இருந்தது 31 என்றால் உங்கள் எண் 77.5 சதவீதம். கேட்கிறவர் விவரம் தெரிந்தவர் என்றால் இந்த எண்ணைத்தான் கேட்பார். 87.5 என்று கொடுத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வேண்டாம்.

5. குளிரும் கழிவும்

மீன் 0 முதல் 4 டிகிரிக்குள் போக வேண்டும். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது மீன்வளத் தொழில்நுட்பத்தில் சொல்லும் பொதுக் கணக்கு. ஐஸைக் குறைத்துக் கூடுதல் மீன் ஏற்றினால் கிலோவுக்கான செலவு அன்றைக்கு அழகாகத் தெரியும், மறுநாள் கழிவில் வந்து நிற்கும். அதனால் இந்த இரண்டு அளவையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும்.

ஏற்றும்போது மூன்று பெட்டி, இறக்கும்போது அதே மூன்று பெட்டி. கதவோரம் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. வெப்பமானியின் ஊசியை மீனின் தடித்த சதையில் நடு வரை குத்தி, எண் நிலைத்த பிறகு படியுங்கள். ஐஸில் குத்திவிட்டு ‘ஜீரோ’ என்று எழுதுவதும் நடக்கிறது. ஒரு முறை கூட நின்று காட்டிக் கொடுங்கள். மாதம் ஒரு தடவை வெப்பமானியையும் சோதிக்க வேண்டும். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர், கலக்கிவிட்டு ஊசியை நடுவில் பிடியுங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். கடல் தண்ணீர் ஊற்றினால் பூஜ்யத்துக்குக் கீழே போகும், அது சோதனை ஆகாது.

சூரை, கும்பளா, சாளை ஏற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும். இவை சூடேறினால் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு ஐஸ் போட்டாலும் சமைத்தாலும் அது போகாது, சாப்பிடுகிறவருக்கு ஒவ்வாமை போல உடம்பு படுத்தும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

கழிவு சதவீதம் என்பது தள்ளிய கிலோவை ஏற்றிய கிலோவால் வகுத்து நூறால் பெருக்குவது. ஆனால் காரணத்தையும் கூடவே எழுதுங்கள்: ஏற்றும்போதே நைந்திருந்தது, ஐஸ் போதவில்லை, பெட்டி நசுங்கியது, தாமதம். காரணம் இல்லாத கழிவுக் கணக்கில் எல்லாப் பழியும் வண்டிக்காரர் தலையில்தான் விழும். ஏற்றும்போதே நைந்திருந்த மீனுக்கு ஜெட்டியில் எடுத்த படம்தான் உங்கள் காப்பு.

6. ஒரு கிலோவுக்கு என்ன செலவு

வாடகை பேசும் பலம் இந்த எண்ணில் இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், உங்கள் பில்லை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மண்டபம்–மதுரை போக வர 300 கிலோமீட்டர். டீசல் 2,500 ரூபாய், டிரைவர் சம்பளமும் பேட்டாவும் 1,200, டோல் 400, ஏற்றுகூலி இறக்குகூலி 600, நிலைச் செலவு 1,800. மொத்தம் 6,500. லோடு 1,300 கிலோ என்றால் கிலோவுக்கு 5 ரூபாய். அதே வண்டி 800 கிலோவோடு போனால் 8 ரூபாய்க்கு மேல் வந்துவிடும். வண்டி ஓடிய செலவு ஏறக்குறைய ஒன்றுதான், லோடுதான் வித்தியாசம்.

அதிகம் பேர் சறுக்குவது நிலைச் செலவில். தவணை, இன்ஷூரன்ஸ், வரி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், டயர், வண்டிப் பெட்டி பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று வையுங்கள். 365 நாளால் வகுத்தால் நாளுக்கு ஆயிரத்துக்கும் கீழே, சுலபமாகத் தெரியும். ஆனால் நம் கடற்கரையில் 365 நாளும் லோடு கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் வேறு. உண்மையில் 200 ட்ரிப் ஓடியது என்றால் ஒரு ட்ரிப்புக்கு 1,800. ஓடிய ட்ரிப்பால் வகுங்கள், இல்லையென்றால் நஷ்டத்துக்கு வாடகை பேசிவிட்டு லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

உப்பை மறக்க வேண்டாம். மீன் தண்ணீர் வழிந்து சேஸியும் பெட்டியின் அடித்தகடும் மற்ற வண்டிகளை விடச் சீக்கிரம் அரிக்கும். அந்தப் பராமரிப்புச் செலவை வேறு சரக்கு ஏற்றும் நண்பரின் கணக்கைப் பார்த்துப் போடாதீர்கள். வடியும் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி வைத்தால் சேஸியும் பிழைக்கும், சாலையில் ஒழுகுவதற்காக வழியில் நிறுத்தப்படுவதும் குறையும்.

மைலேஜைப் பார்க்க ஃபுல் டேங்க் முறைதான் நம்பகம்: டேங்க் நிரப்பி மீட்டர் படம், அடுத்த முறை நிரப்பும்போது மறுபடி மீட்டர் படம். குளிர்சாதன வண்டி என்றால் நிற்கும்போதும் கம்ப்ரசர் டீசல் குடிக்கும். ஜெட்டியில் அதிகம் நின்ற வண்டியின் மைலேஜ் குறைந்ததற்கு டிரைவரைத் திட்டக் கூடாது.

7. காலி ஓட்டமும் ரிட்டர்ன் லோடும்

மதுரையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் 300 கிலோமீட்டரில் 150 காலி, அதாவது 50 சதவீதம். பரமக்குடி வரைக்கும் ஒரு லோடு கிடைத்தால் சுமார் 75 கிலோமீட்டர்தான் காலி, 25 சதவீதம். அதற்கு 1,500 ரூபாய் வந்தால் மேலே போட்ட கணக்கில் மீனின் கிலோ செலவு 5 ரூபாயிலிருந்து 3.85 ஆகக் குறையும்.

ஆனால் எதையும் ஏற்றிவிடக் கூடாது. மீன் பெட்டிக்குள் உரம், பூச்சிமருந்து, பெயின்ட் வேண்டவே வேண்டாம். உணவுப் பொருள் ஏற்றும் வண்டிக்காரருக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ உரிமமோ இருக்க வேண்டும், வாங்குபவர் அந்த நகலையும் கேட்பார். ரிட்டர்ன் லோடுக்காக ரொம்ப நேரம் காத்திருந்து அடுத்த நாள் ஜெட்டி நேரத்தைத் தவறவிட்டால் மிச்சம் பிடித்தது போய்விடும். இத்தனை மணிக்குள் லோடு வரவில்லையென்றால் கிளம்பு என்று டிரைவருக்கு ஒரு எல்லை சொல்லி வையுங்கள்.

காகிதத்தில் ஒரு கவனம். ஐஸில் வைத்த பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) பழக்கமே இல்லாமல் இருப்பீர்கள். ரிட்டர்ன் லோடு அப்படியல்ல. வரி உள்ள சரக்கு என்றால் தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேலும் இ-வே பில் வேண்டும். அந்தப் பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும். வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் பில்லில் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும். கெடு முடிவதற்கு முன் 8 மணி நேரம், முடிந்த பின் 8 மணி நேரம், இந்த இடைவெளியில்தான் நீட்டிக்க முடியும்.

8. வசூல் நாள் (இது உங்களுக்கு மட்டும்)

இறக்கிய நாளிலிருந்து பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று ஒவ்வொரு வாங்குபவருக்கும் தனியாக எழுதுங்கள். வெளியே காட்ட வேண்டியதில்லை. கிலோவுக்கு அரை ரூபாய் அதிகம் கொடுத்து இரண்டு மாதம் இழுப்பவரை விட, வாரக் கணக்கு முடிப்பவர் நல்லவர் என்பது அப்போது தெரியும். இறக்கும் இடத்தில் கையெழுத்தும் சீலும் வாங்கிய ரசீது அன்றைக்கே ஆபீஸுக்குப் படமாக வந்தால் பில்லும் அன்றைக்கே போகும்.

9. கடல் நாட்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள்

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் திரும்புகின்றன. ஆகவே பெரிய லோடு செவ்வாய், வியாழன், ஞாயிறு. மற்ற நாளில் நாட்டுப்படகு மீன்தான். செவ்வாய்க்கிழமை ஜெட்டி நேரத்தையும் புதன்கிழமை ஜெட்டி நேரத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால் இரண்டு நாளின் நிலையும் மறைந்துவிடும். இரண்டு வகை நாளுக்கும் தனி வரி வையுங்கள்.

வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் படகு குறையும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கஷ்டம். ஆடி அமாவாசை, தை அமாவாசை, தொடர் விடுமுறை நாட்களில் பாம்பன் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ராமேஸ்வரத்திலிருந்து ஏற்றினால் அந்த நாட்களை ட்ரிப் சீட்டிலேயே குறியுங்கள். அவற்றைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டாம், குறிப்போடு வையுங்கள். நீக்கத் தொடங்கினால் எது பிடிக்கவில்லையோ அதையெல்லாம் நீக்கும் பழக்கம் வந்துவிடும்.

புதிதாகத் தொடங்க நல்ல நேரம் ஜூலை. தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் வரும் முதல் பரபரப்பு அடங்கியிருக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் மூன்று மாதக் கணக்கு கையில் சேரும். எஃப்சி வேலை, பெட்டி ஒட்டுவேலை, டிரைவருக்குப் படம் எடுக்கச் சொல்லிக் கொடுப்பது எல்லாவற்றையும் தடைக்காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

10. இலக்கு வைப்பதும் டிரைவரும்

முதல் மாதம் அளக்க மட்டும் செய்யுங்கள், யாரையும் ஒன்றும் சொல்ல வேண்டாம். இரண்டாம் மாதம் ஒரே ஒரு அளவை எடுத்துத் திருத்துங்கள். ஜெட்டி நேரத்திலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. அது குறைந்தால் சேரும் நேரம், குளிர், கழிவு மூன்றும் கூடவே நன்றாகும். எங்கோ படித்த 98 சதவீதத்தை இலக்காக எழுதி ஒட்டாதீர்கள். உங்கள் முதல் மாத எண்ணிலிருந்து கொஞ்சம் மேலே வையுங்கள்.

சேரும் நேரத்தை வைத்து டிரைவருக்கு இனாமோ அபராதமோ வைக்கவே கூடாது. ஜெட்டியில் போன நேரத்தை அவர் ராத்திரி ரோட்டில் பிடிக்கப் பார்ப்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டில் மாடு படுத்திருக்கும், பாலத்தில் காற்று வண்டியைத் தள்ளும். ஒரு ஏலம் தப்பினால் அடுத்த நாள் ஏலம் உண்டு. டிரைவருக்கு இனாம் கொடுக்க ஆசையென்றால் ஆறு நேரமும் படத்தோடு சரியாக வந்த ட்ரிப்புக்குக் கொடுங்கள்.

11. மாத அறிக்கையும் காகிதக் கோப்பும்

மாதம் முடிந்து 5ஆம் தேதிக்குள் ஒரே பக்கம். ஐந்து எண், போன மாத எண் பக்கத்தில், தவறிய ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு வரி காரணம். அவ்வளவுதான். வட்ட வரைபடம், வண்ணப் பட்டை எல்லாம் வாங்குபவர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். எண் மோசமான மாதத்திலும் அதே தேதியில் அனுப்புங்கள். நல்ல மாதம் மட்டும் வரும் அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள்.

பின்னால் இருக்க வேண்டிய காகிதங்கள்: இரு பக்க எடைச் சீட்டு, ட்ரிப் சீட்டு நகல், கையெழுத்திட்ட ரசீது, மீட்டர் படத்தோடு டீசல் பில், ஃபாஸ்டேக் அறிக்கை, ரிட்டர்ன் லோடு பில், வெப்பநிலைத் தாள். கூடவே ஆர்சி, பெர்மிட், எஃப்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றின் முடியும் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். எஃப்சி 8 ஆண்டு வரையான சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும்.

எடைச் சீட்டு வெப்பத் தாளில் அச்சானது என்றால் சில மாதத்தில் எழுத்து அழிந்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துத் தேதி பெயரில் சேமியுங்கள். ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களை அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்குக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ட்ரிப் கோப்புகளையும் அதே அளவுக்கு வைத்துவிடுங்கள், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், கடல் காற்றின் ஈரம் ஏறாத மூடிய பெட்டியில்.